உணவுப் பட்டியலில் ஒரு வியாகரணம்

இத்தாலிய பாஷையை எந்த வியாகரண நூலில் தொடங்கலாம் என்று யோசனை கேட்கும் இளைஞர்களிடம், நூலை மூடி வைத்துவிட்டு, த்ராத்தொரியா என்று அங்கே வழங்கும் எளிய சாப்பாட்டு விடுதி ஏதேனும் ஒன்றின் உணவுப் பட்டியலை நிதானமாக வாசியுங்கள் என்று நான் சொன்னால், பரிகாசம் பண்ணுவதாகவே அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பரிகாசமன்று.

தக்காளி சேர்ந்த ஸ்பகெட்டிக்கு அந்தப் பட்டியலில் 'அல் பொமொதோரோ' என்று பெயர்; அதே ஸ்பகெட்டி மட்டிச்சிப்பிகளோடு வருமானால் 'அல்லே வொங்கொலே'; காளான்களோடு வருமானால் 'ஐ ஃபூங்கி'. முன்னே நிற்கும் அல், அல்லே, ஐ மூன்றும் அடிப்படையில் ஒன்றே. தக்காளி ஆண்பால் ஒருமை, மட்டி பெண்பால் பன்மை, காளான் ஆண்பால் பன்மை என்பதால் அவற்றுக்கு இசைய அது வேஷம் மாற்றிக்கொள்கிறது. காயையும் சிப்பியையும் அஃறிணை என்று ஒரே மூட்டையாய்க் கட்டிவிட்ட நமக்கு இந்தப் பாகுபாடு வாய்ப்பாட்டில் வேப்பங்காய். பசியோடு பார்க்கையில் தானாக மனத்தில் படிகிறது.

பாடநூல்கள் பல 'வொர்ரேய்' என்ற சொல்லைப் பிற்பகுதிக்குத் தள்ளிவிடுகின்றன. 'வொல்யோ' என்றால் 'வேண்டும்' என்று பிடிவாதமாய்க் கேட்பது. 'வொர்ரேய்' என்றால் 'கிடைத்தால் தேவலை' என்கிற பணிவு. முதல் வேளைச் சாப்பாட்டுக்கே தேவைப்படும் மரியாதையை இருபதாம் பாடத்தில் கற்று என்ன பிரயோஜனம்? பரிசாரகனோ, மீசை வைத்தவரைக்கூட 'லேய்' என்று, அதாவது 'அவள்' என்னும் சொல்லாலேயே, மரியாதையாக விளிப்பான். 1938-இல் முசோலினி ஆட்சி இவ்வழக்கை ஒழிக்கப் பார்த்தும் அது ஒழியவில்லை. 'மி பியாச்சே இல் பேஷே' என்னும் வாக்கியத்திலோ நமக்குக் கஷ்டமே இல்லை: 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பதைப் போலவே, அங்கும் மீனே எழுவாய்.

பேச்சு வழக்குக்கு இலக்கணம் எதற்கு என்று முகம் சுளிக்கும் பண்டிதர்கள், இத்தாலியில் 1680-இல் பிறந்து நம்மிடம் வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், செந்தமிழோடு நின்றுவிடாமல், ஜனங்கள் பேசும் கொடுந்தமிழுக்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் செய்தார் என்பதையும், அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

காப்பி குடிக்க எண்ணி 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் ஒரு தம்ளர் பால்தான் வரும். அதை எப்படியோ குடித்துவிடலாம். ஆனால் விருந்தினரை எழுப்புவது அநாகரிகம் என்பதால், கேளாத வரையில் பில் மேஜைக்கு வராது. ஆகையால் 'இல் கொன்தோ, பெர் ஃபவோரே' என்ற வாக்கியத்தைச் சாப்பிட உட்காருமுன்பே பாடம் பண்ணிக்கொள்வது உத்தமம்.