பழைய துப்பாக்கியா, காப்பியா? எது நம்பகமானது?

1/ "அந்தக் காலத்து .303 மாதிரி வருமா? அப்புறம் வந்ததெல்லாம் வெறும் காப்பி!"

மிலிட்டரியிலோ போலீஸிலோ இருந்த பெரியவங்க சொல்லி நீங்களும் கேட்டிருப்பீங்க. பழசுன்னா உறுதி, காப்பின்னா மட்டம் என்ற இந்தக் கணக்கு தப்பு என்பது என் கருத்து. காரணம் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ அமெரிக்க ராணுவத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டு எம்1903 ரைஃபிளை எடுத்துக்குவோம். 1903-ல் வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் கையில் இருந்தது. அரசாங்கமே தன் சொந்தத் தொழிற்சாலையில், அனுபவசாலிகளை வைத்துச் செய்தது.

"ஒரிஜினல்" என்று சேகரிப்பாளர்கள் இன்றும் கொண்டாடும் துப்பாக்கி.

3/ முதல் வேடிக்கை: அதுவே ஒரு காப்பிதான்! ஜெர்மனியின் மௌசர் ரைஃபிளைப் பார்த்துச் செய்தது. அதற்காக அமெரிக்க அரசு மௌசர் நிறுவனத்துக்கு ராயல்டி கட்டியது.

4/ இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டா வெடிக்கும்போது வரும் மொத்த அழுத்தத்தையும் தாங்கி நிற்பது ரிசீவர் என்ற இரும்புப் பகுதி. சுடுபவரின் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

1917-ல் சில எம்1903 துப்பாக்கிகளில் இந்த ரிசீவர் வளையவில்லை, நெளியவில்லை. கண்ணாடி மாதிரி சிதறியது.

5/ ஏன்? விசாரித்துப் பார்த்தார்கள்.

இரும்பு எவ்வளவு சூடேறியது என்பதைத் தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். கருவி கிடையாது. எல்லாம் அனுபவம்.

ஆனா நல்ல வெயில் அடிக்கும் நாளில், பழுத்த இரும்பின் நிறம் கண்ணுக்கு மங்கலாகத்தானே தெரியும்? "இன்னும் சூடு போதலை" என்று மேலும் காய்ச்சிவிட்டார்கள்.

6/ கருவி வைத்து அளந்தபோது, மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம்! அவ்வளவு அதிகம் காய்ந்த இரும்பு நொறுங்கும் தன்மைக்குப் போயிடும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும்.

கைராசி, அனுபவம் எல்லாம் இருந்தது. அளவு இல்லை.

7/ 1918-ல் முறையை மாற்றினார்கள். அதற்குள் ஸ்ப்ரிங்ஃபீல்டில் 8 லட்சம், ராக் ஐலண்டில் 2,85,000-க்கும் மேல் செய்து முடித்தாகிவிட்டது.

ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சர் 1917 முதல் 1929 வரை நடந்த 68 விபத்துகளைப் பட்டியலிட்டார். யாரும் சாகவில்லை. ஆனா 3 பேருக்கு ஒரு கண் போச்சு.

8/ "பத்து லட்சத்துல 68 தானே டாக்டர்?"

சரிதான், அரிதுதான். பெரும்பாலான துப்பாக்கிகள் கடைசிவரை ஒழுங்காகவே சுட்டன. ஆனா எது வெடிக்கும், எது வெடிக்காது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணை இழந்த அந்த மூன்று பேருக்கு சதவீதக் கணக்கு சொல்லி என்ன பயன்?

9/ இப்ப காப்பிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் அவசரத்தில் இதே ரைஃபிளை எளிமையாக்கி, எம்1903ஏ3 என்ற பெயரில் ரெமிங்டனும் ஸ்மித்-கொரோனாவும் செய்தன. ஸ்மித்-கொரோனா யார் தெரியுமா? டைப்ரைட்டர் கம்பெனி!

தகட்டை அடித்துச் செய்த பாகங்கள், பாலிஷ் கிடையாது. பார்க்க சுமார்தான். ஆனா 1918-க்கு முந்தைய "ஒரிஜினலை" விட இதைத்தான் நம்பிச் சுடலாம். இத்தனைக்கும் ரெமிங்டன் பயன்படுத்தியது ராக் ஐலண்டின் அதே பழைய இயந்திரங்களை!

10/ அப்போ காப்பி எல்லாம் நல்லதா? இல்லவே இல்லை.

பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பகுதியில் பட்டறைகளில் கையால் ராவி லீ-என்ஃபீல்டு நகல்கள் செய்தார்கள். ரயில் தண்டவாள இரும்பைக்கூடப் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் கிரீட முத்திரை வரை அப்படியே இருக்கும். சிலதில் விக்டோரியா ராணியின் முத்திரையோடு 1901-க்குப் பிந்தைய வருடம். ராணி இறந்ததே 1901-ல்!

முத்திரையைக் காப்பி அடிச்சாங்க, சோதனையைக் காப்பி அடிக்கலை.

11/ நம்ம நாட்டு உதாரணமும் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்திலேயே 7.62 மி.மீ. ரைஃபிள் செய்தது. புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதால் இரும்பையே மாற்றி, உறுதியானதைப் போட்டார்கள். இதுவும் பிந்தைய நகல்தான். ஆனா யோசிச்சு செய்த நகல்.

12/ "எங்க காலத்து துப்பாக்கி இன்னும் சுடுதே?" என்றால், இன்று நம்ம கண்ணில் படுவது தப்பிப் பிழைத்தவை மட்டும்தான். உடைந்ததும் வெடித்ததும் எப்பவோ உலைக்குப் போயாச்சு. "எங்க தாத்தா சுருட்டு பிடிச்சும் 90 வயசு வாழ்ந்தார்" என்ற அதே கணக்கு இது. முன்னாடியே போய்ச் சேர்ந்த தாத்தாக்கள் பேச வரமாட்டாங்க.

13/ டாக்டருக்கு எதுக்கு துப்பாக்கி ஆராய்ச்சி என்கிறீர்களா? என் ஓ.பி.யில் தினமும் இதே வாதம்தான்: "கவர்ன்மென்ட் மாத்திரை வேண்டாம், ஒரிஜினல் கம்பெனி மாத்திரை எழுதிக் கொடுங்க." சர்க்கரை மாத்திரையை வாங்கிட்டுப் போய் முழுங்காம வச்சுடறாங்க. அப்புறம் கால் புண்ணோடு வர்றாங்க.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்துகள் ஆய்வகச் சோதனைக்குப் பிறகே எங்களிடம் வருகின்றன. நீங்க பார்க்க வேண்டியது அந்தச் சோதனையை. அட்டையின் பளபளப்பை இல்லை.

14/ அறுவை சிகிச்சைக் கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து எடுத்ததும், சரியாக வெந்ததா என்று கண்ணால் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. உள்ளே வைத்த பட்டையின் நிறம் மாறணும், வெப்பமும் நேரமும் பதிவாகணும். முப்பது வருஷ அனுபவமுள்ள சிஸ்டருக்கும் இதே விதிதான். அது அவங்களை அவமதிப்பது இல்லை. நோயாளியைக் காப்பாற்றுவது.

15/ துப்பாக்கியோ மாத்திரையோ பிரஷர் குக்கரோ, "பழசா புதுசா, ஒரிஜினலா காப்பியா" என்று கேட்காதீங்க.

"செய்யும்போது அளந்தாங்களா? செஞ்ச பிறகு சோதிச்சாங்களா?" என்று கேளுங்க.

பதில் வரலைன்னா, முத்திரை எவ்வளவு பெருசா இருந்தாலும் நம்பாதீங்க.