ஆறு பொது; கரை யாருடையது?

நியூயார்க் நகரின் மையமாகிய மன்ஹாட்டனில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஹட்ஸன் நதிக்கு மேற்கே ஹோபோகன், ஜெர்ஸி ஸிட்டி முதலிய ஊர்களில் குடியிருப்போர் ஏராளம். அவர்களில் ஒரு சிலர் ரயிலையும் மோட்டாரையும் விட்டுவிட்டு, காற்றடைத்த ‘கயாக்’ என்னும் சிறு தோணியில் தாமே துடுப்பு வலித்துக் காரியாலயம் போய்வருவதாக அவ்வப்போது பத்திரிகைகளில் செய்தி வருகிறது. இதை வேடிக்கை என்று படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குச் செல்வது எளிது. நாமும் முதலில் அப்படித்தான் செய்தோம். யோசித்துப் பார்க்கையில், இதற்குள் ஜனங்களின் உரிமை சம்பந்தமான பெரிய விஷயமொன்று அடங்கியிருப்பது புலனாயிற்று.

கயாக் ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்களின் தோணி. அதைக் காற்றடைத்துச் செய்யும் யோசனையும் பழையதே. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பீட்டர் ஹால்கெட் என்பவர் 1840-களிலேயே, மேலங்கியாக அணிந்துகொண்டு வேண்டியபோது ஊதித் தோணியாக்கிக்கொள்ளும் ரப்பர்த் துணியைத் தயாரித்தார். இன்றைய தோணியோ ஒரு பைக்குள் அடங்கும். கைப்பம்பினால் பத்து நிமிஷத்தில் ஊதிவிடலாம். இரண்டு அறை வாடகை வீட்டில் வசிக்கும் குமாஸ்தாவும் படகுக்குச் சொந்தக்காரராகலாம். ஆனால் படகு கிடைத்தால் போதுமா? அதை இறக்க இடம் வேண்டாமா?

இந்த நதியைக் கடக்கும் உரிமைக்காக அந்நாட்டார் ஒருமுறை ஸுப்ரீம் கோர்ட் வரை சென்றதுண்டு. லிவிங்ஸ்டன், ஃபுல்டன் என்ற இருவர் நியூயார்க் ராஜ்யத்தின் நீர்ப்பரப்பில் நீராவிப் படகு விடும் ஏகபோகத்தைச் சட்டசபையிடம் பெற்றிருந்தனர். அவர்கள் வழியாக அனுமதி பெற்ற ஆக்டன், நியூஜெர்ஸியிலிருந்து போட்டியாகப் படகு விட்ட கிப்பன்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். கிப்பன்ஸிடம் இருந்தது மத்திய சர்க்காரின் லைசென்ஸ் ஒன்றே. அதைப் பெற்ற படகை ஒரு ராஜ்யத்தின் ஏகபோகச் சட்டம் தடுக்க முடியாதென்று பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் 1824-ல் தீர்ப்பளித்தார். ஏகபோகம் ஒழிந்தது, ஆறு திறந்தது.

கரை திறக்கவில்லை. ரயில் கம்பெனிகளும் கப்பல் துறைகளும் கிடங்குகளும் இருபுறமும் நெடுங்காலம் வேலியிட்டு நின்றன. நதியின் மேற்பகுதியிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் தொழிற்சாலைகள் 1977 வரை சுமார் முப்பது ஆண்டுகள் ‘பிஸிபி’ என்னும் நச்சு ரசாயனத்தை நீரில் விட்டன. லாபம் கம்பெனிக்கு, விஷம் பொதுஜனங்களுக்கு! 1972-ல் வந்த சுத்த நீர்ச் சட்டத்தின் பலனாய் ஆறு மெள்ள மெள்ளத் தெளிந்தது. 1998-ல் மற்றொரு சட்டம் மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் சுமார் 4 மைல் நீளத்தைப் பூங்காவாக்கியது. பழைய கப்பல் மேடைகள் சிலவற்றில் கயாக் இறக்கத் துறைகளும் ஏற்பட்டன. இன்று குமாஸ்தா துடுப்பு வலிப்பது இவ்விரண்டு சட்டங்களின் தயவினாலேயே.

அபாயம் இல்லையென்று நாம் கூறவில்லை. ஹட்ஸன் கடல் ஏற்ற வற்றத்துக்கு உட்பட்டு இருதிசையும் ஓடும் நதி. எதிர்நீரில் காற்றடைத்த இலேசான தோணி எளிதில் திசை மாறிவிடும். பிரயாணக் கப்பல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. அவற்றில் சிலவற்றைக் ‘காடமரான்’ என்கிறார்கள். நம் கட்டுமரந்தான் அது. ஏழை மீனவனின் மிதவைக்கு இட்ட பெயர் பெரிய கப்பலுக்கு ஏறி, இன்று சிறு தோணியைக் கலங்கடிக்கிறது! 2016 ஆகஸ்டில் அஸ்தமன வெயில் கண்ணைக் கூசச் செய்ய, ஒரு கப்பல் கயாக் கூட்டமொன்றின் மீது மோதிச் சிலர் காயமுற்றனர். நவம்பர் முதல் தேதியிலிருந்து மே முதல் தேதி வரை சிறு படகிலுள்ளோர் மிதவைச் சட்டை அணிந்தே தீரவேண்டுமென்று நியூயார்க் சட்டம் விதிக்கிறது. குளிர்ந்த நீர் நல்ல நீச்சல்காரனையும் சில நிமிஷத்தில் செயலிழக்கச் செய்யும். எனவே சட்டம் நியாயமானதே.

இந்த அபாயத்தைச் சாக்கிட்டுச் சிறு தோணிகளை ஆற்றைவிட்டே விலக்கவேண்டுமென்று எவரேனும் சொன்னால், அதை நாம் ஒருகாலும் ஒப்பமாட்டோம். 2012 அக்டோபரில் ஸாண்டி புயல் நதிக்கடியிலுள்ள ரயில் சுரங்கத்தை வெள்ளமாக்கிற்று. 2025 மே மாதம் நியூஜெர்ஸி ரயில் எஞ்ஜின் டிரைவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ஜனவரி 5 முதல் தென் மன்ஹாட்டனில் நுழையும் மோட்டாருக்குப் பகல் வேளையில் 9 டாலர் வரி விதிக்கப்பட்டது. ரயில் நின்றபோதும் ஆறு நிற்கவில்லை, துடுப்புக்கு வரியுமில்லை. எல்லோரும் கயாக் ஏறுவார்களென்று நாம் நம்பவில்லை; நூற்றில் ஒருவர்கூட ஏறமாட்டார். ஆயினும் அந்த ஒருவருக்குத் துறை வேண்டும். இன்றுள்ள துறைகள் பெரும்பாலும் கோடைகால உல்லாசத்தை உத்தேசித்தவை. காலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும் தாழ்ந்த மிதவை மேடையும், ஈரத் தோணியை மாலைவரை வைக்கப் பூட்டுள்ள பெட்டியும், கப்பல் வழியினின்று பிரித்துக் குறியிட்ட ஓர் ஓரப் பாதையும் அமைப்பது நகரசபைக்கு ஒரு பெரிய செலவா?