அடிக்கணக்கும் டி.எம்.சி. கணக்கும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வந்தால், அணை பாதி நிரம்பிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். முழு உயரம் 120 அடிதானே! ஆனால் 60 அடியில் இருப்பது ஏறத்தாழ 25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் அது கால் பங்கைச் சற்றே தாண்டும். 100 அடிக்கு மேலுள்ள கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்குகிறது. அடியில் குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்கு அப்படி.

அளவுகோலில் அடியைப் பார்த்து, அட்டவணையில் கொள்ளளவைப் படிப்பது பொறியாளர்களின் அன்றாட வேலை. வெள்ளக் காலத்தில் கேள்வி தலைகீழாகிறது. இத்தனை டி.எம்.சி. வந்துகொண்டிருக்கிறது, மட்டம் எதுவரை ஏறும்? எப்போது, எவ்வளவு திறப்பது? 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது குறித்த வாதத்தின் அடியிலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

இன்று இந்தக் கணக்கை ஆர்வமுள்ள ஒரு கல்லூரி மாணவரே போட்டுப் பார்க்கலாம். 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு உயரத்திலும் நீர் எவ்வளவு பரவும் என்று அளந்து, அடுத்தடுத்த இரு பரப்புகளின் சராசரியை இடைப்பட்ட உயரத்தால் பெருக்கி, கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் ஓர் அட்டவணை கிடைத்துவிடும். பிறகு கொள்ளளவைக் கொண்டு மட்டத்தைத் தேடலாம்.

அதிகாரிகள் இதை ஐயத்தோடு பார்ப்பதில் நியாயம் உண்டு. ரேடார் தண்ணீருக்குள் ஊடுருவாது. படம் எடுத்த நாளில் நீருக்கடியில் இருந்த தரை அந்தத் தரவில் வெறும் சமதளம். உயரத்தில் சில மீட்டர் பிழையும் இருக்கும். மேட்டூர் அணை நிரம்பும்போது நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு மீட்டர் பிசகினால் கணக்கு 5 டி.எம்.சி.க்கு மேல் புரளும். அணையின் பூஜ்ய அடி கடல் மட்டத்திலிருந்து 670 அடி உயரத்தில் இருப்பதை மறந்து கணக்குப் போடுவோரும் உண்டு. அப்படிப் பிறந்த ஓர் எண் மழை நாளில் வாட்ஸ்அப்பில் சுற்றினால் கரையோர மக்களின் தூக்கம் போய்விடும்.

மறுபக்கத்தின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. இத்தனை ஆண்டு வண்டல் படிந்த பிறகும் செய்திகளில் நாம் படிப்பது அதே 93.47தான். குறுவைக்கு விதை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12ஐ எதிர்பார்க்கும் டெல்டா விவசாயி, அந்த எண்ணில் எவ்வளவு நீர், எவ்வளவு சேறு என்று கேட்பது குற்றம் காணும் நோக்கில் அல்ல. எத்தனை நாளுக்குத் தண்ணீர் வரும் என்பது அவர் வீட்டு வரவுசெலவு.

இரு தரப்பும் ஒன்றுக்கொன்று உதவ முடியும் என்றே தோன்றுகிறது. அணையின் மட்டத்தை அறிவிக்கும் பொறுப்பு நீர்வளத் துறையிடமே இருக்கட்டும். அதில் போட்டி வேண்டாம். ஆனால் மட்டம்–கொள்ளளவு அட்டவணையையும், கடைசியாக எந்த ஆண்டில் அணையின் தரை அளக்கப்பட்டது என்பதையும் துறை எளிதில் கிடைக்கும்படி வெளியிடலாம். செயற்கைக்கோள் படங்களில் நீரின் விளிம்பை மாதந்தோறும் வரையும் மாணவர்கள், அன்றைய அதிகாரபூர்வ மட்டத்தோடு அதை ஒப்பிட்டு, வேறுபாட்டை முதலில் துறைக்குத் தெரிவிக்கலாம். நீர் வற்றும் மாதங்களில் தரை தானாகவே வெளிப்படுகிறது. அணையின் நீர்ப்பரப்பில் உள்ள பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் தலைகாட்டும் காலம், அளவெடுக்கவும் ஏற்ற காலம். அங்கே மீன்பிடிப்போருக்கும், வற்றிய நிலத்தில் பயிர் செய்வோருக்கும் எந்த இடத்தில் மண் மேடிட்டிருக்கிறது என்பது காலடியிலேயே தெரியும். அளவெடுக்கப் போகிறவர்கள் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம்.

வண்டல் மண்ணை வயலுக்கு அள்ளிச் செல்பவர்கள் எங்கே, எவ்வளவு எடுத்தோம் என்று பதிவு செய்தால் அட்டவணையைத் திருத்தவும் அது உதவும். பெரிய செலவு எதுவும் இதில் இல்லை. அடுத்த கோடையில் நீர் இறங்கும்போது, நீர்வளத் துறையும் அருகிலுள்ள பொறியியல் கல்லூரிகளும் கரையோர ஊராட்சிகளும் ஒன்றாக அமர்ந்து இதைத் தொடங்க வேண்டும்.