டின்னா, பாட்டிலா?

கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் என்பது பழகிவிட்டது. இப்போது அதே தண்ணீரை அலுமினிய டின்னில் அடைத்து, "பூமிக்கு நல்லது" என்று விற்கிறார்கள். நல்லதுதானா?

அலுமினியத்தின் பெருமையில் பொய் இல்லை. பழைய டின்னை உருக்கினால் மறுபடியும் டின் செய்யலாம். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். பிளாஸ்டிக் பாட்டில் பெரும்பாலும் நாராகி, துணியாகவோ தலையணைப் பஞ்சாகவோ போகிறது. அதற்கு அப்புறம் குப்பைதான்.

ஆனால் புது அலுமினியம் எப்படி வருகிறது என்பது சேலம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் ஆலைக்குப் போனது. 1 டன் உலோகத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட் வேண்டும். கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம்; 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 14 மணி நேரம் எரிவதற்குச் சமம். நம் நாட்டில் அதுவும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். அப்படி வந்த டின்னை ஒரு தடவை குடித்துவிட்டுச் சாக்கடையில் எறிந்தால், பிளாஸ்டிக்கை விட எந்த வகையில் உசத்தி?

டின்னுக்கு உள்ள ஒரே பலம் காயலான் கடை விலை. காசு கிடைக்கும் என்பதால் பொறுக்குகிறவர்கள் அதை விட்டுவைப்பதில்லை. ஆக, எதில் அடைத்தார்கள் என்பதைவிட, காலி திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு வழி நீலகிரியிலேயே இருக்கிறது. உடைந்த மதுபாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கியது. காலியைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைத்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே வந்துவிட்டன. ஜெர்மனியில் 2003 முதல் டின்னுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் இதே முறைதான். முன்பணம் 25 சென்ட்.

குடிமகன் திருப்பித் தரும்போது, தண்ணீர் குடிப்பவர் தரமாட்டாரா? தண்ணீர், குளிர்பானம் எல்லாவற்றுக்கும் இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டி வளர்ந்த நமக்கு இது புதிதும் இல்லை.

அதுவரை, பேரப்பிள்ளை கல்யாணத்தில் பந்திக்குக் குடமும் டம்ளரும் வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் தட்டமாட்டார்கள்.