கஞ்சி போட்ட பேய்கள்

பேய்க்கும் விலை உண்டு. 2020-ல் அமெரிக்காவின் ஹோம் டிப்போ கடைகள் 12 அடி உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்கு விற்பனைக்கு வைத்தன. கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வருடம் அது. இருந்தும் எலும்புக்கூடு சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. 2023-ல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்காக 1,220 கோடி டாலர் செலவிடுவார்கள் என்றும், அதில் அலங்காரத்துக்கு மட்டும் 390 கோடி டாலர் போகும் என்றும் அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு கணக்குப் போட்டது. எல்லாம் அக்டோபர் 31 என்ற ஒரே ஓர் இரவுக்காக.

அன்று குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு ஓர் எழுதப்படாத விதி இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்து, ஒரு பூசணியோ பேயோ கண்ணில் பட்டால் உள்ளே வரலாம் என்று பொருள். இருண்ட, வெறும் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆக, அலங்காரம் என்பது அழைப்பு. 299 டாலர் இல்லாத வீட்டிலும் வாசலைப் பார்த்தபடி ஒரு குழந்தை இருக்கிறது.

இந்தப் பண்டிகை காசில்லாதவர்களின் கைவேலையாகத்தான் தொடங்கியது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். டோனகல் மாவட்டத்திலிருந்து 1943-ல் அப்படியொரு டர்னிப் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. அது உதிர்ந்துகொண்டிருந்ததால், அச்சு எடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து வைத்திருக்கிறார்கள். சுருங்கிய முகம், இடுங்கிய கண்கள். 12 அடி எலும்புக்கூடு பக்கத்தில் நிற்க முடியாது. அமெரிக்கா போன ஐரிஷ்காரர்களுக்கு டர்னிப்பைவிடப் பெரியதும் குடைவதற்குச் சுலபமானதுமான பூசணி கிடைத்தது. பிறகு வியாபாரம் நுழைந்தது. மாசசூசெட்ஸின் டென்னிசன் என்ற காகித நிறுவனம் 1909-ல் ‘போகி புக்’ என்ற கையேட்டை வெளியிட்டது. கிரேப் காகிதத்தில் வௌவாலும் சூனியக்காரியும் செய்யச் சொல்லிக் கொடுத்தது புத்தகம். காகிதத்தை விற்றது நிறுவனம். கெட்டிக்காரர்கள்.

மலிவு அலங்காரங்களில் ராஜா கஞ்சிப் பேய்தான். ஒரு சோடா பாட்டிலின் தலையில் பந்தைப் பொருத்தி, இரு பக்கமும் கம்பியை வளைத்துக் கைகள் வைக்க வேண்டும். துணி ஒட்டிக்கொள்ளாதபடி முழுவதையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்ற வேண்டும். பாலாடைக்கட்டி வடிகட்டும் சல்லடைத் துணியைச் சோளமாவுக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, விளிம்பு தரையைத் தொடும்படி மேலே போர்த்தி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். காலையில் பாட்டிலையும் பந்தையும் கம்பியையும் உருவிவிட்டால், உள்ளே யாருமில்லாமல் துணி தானாக நிற்கும். கறுப்புத் துணியில் இரண்டு கண் வெட்டி ஒட்டினால் போதும். வாய் தேவையில்லை, வாய் வைத்தால் பேய் சிரிப்பதுபோல் ஆகிவிடுகிறது. மழையில் நனைந்தால் துவண்டுவிடும் என்பதால் கூரைக்கடியில் வைப்பது நல்லது.

கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயில் இரண்டு கண்களை வெட்டி, உள்ளே ஒளிரும் குச்சி ஒன்றைச் செருகிப் புதருக்குள் ஒளித்துவைப்பது இன்னொரு வழி. இதற்கு ஆகும் செலவு சில சென்ட்தான். உடம்பு தெரியாத கண்களுக்கு உடம்பைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்வார். எலும்புக்கூட்டில் அந்த வேலை மிச்சமில்லை, 206 எலும்பும் கடைக்காரர் கொடுத்ததுதான்.

டி.வி. வந்த பெட்டியின் தெர்மகோலில் கல்லறைக் கற்கள் செய்யலாம். சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் தெர்மகோலை அரித்துவிடும் என்று எச்சரிப்பார்கள். உண்மைதான். ஆனால் அரித்த கல்தான் நூறு வருடக் கல்லறை மாதிரி இருக்கிறது! திறந்தவெளியில் அடித்தால் நெடியும் தலைக்கேறாது.

கையால் செய்தவற்றில் ஆபத்து ஒன்றுண்டு. துணி, காகிதம், காய்ந்த சோளத்தட்டை எல்லாமே எளிதில் தீப்பிடிப்பவை. பூசணிக்குள்ளோ மெழுகுவர்த்தி, தரையில் புரளும் வேட உடையோடு குழந்தைகள் அதைக் கடந்துதான் கதவுக்கு வரவேண்டும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் இன்று கிரேப் காகிதமும் இருக்கிறது. டென்னிசன் கையேட்டைப் பார்த்து வீட்டை அலங்கரித்த பாட்டிகள் கேட்டால் திகைத்திருப்பார்கள். பாட்டரியில் எரியும் குட்டி விளக்கு மெழுகுவர்த்திபோல் அழகாக நடுங்காது. பரவாயில்லை, அதையே வைக்கலாம். பஞ்சை இழுத்துச் செய்யும் சிலந்தி வலையும் வீட்டுக்குள் இருக்கட்டும். வெளியே மரத்தில் கட்டினால் குருவிகள் சிக்கிக்கொள்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் வசதி. 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. சீரியல் விளக்குச் சரம் ஒன்று இருந்தால் லட்சுமிக்கும் ஆயிற்று, பேய்க்கும் ஆயிற்று.

நவம்பர் முதல் தேதி 12 அடி எலும்புக்கூட்டை எங்கே வைப்பது என்று சொந்தக்காரர் கராஜை அளந்துகொண்டிருப்பார். கஞ்சிப் பேயை வாளித் தண்ணீரில் போட்டால் போதும். கஞ்சி கரைந்து, வெறும் துணியாகக் கொடியில் தொங்கும்.