சானல்கரையைச் சைக்கிளுக்கு விடுங்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவ மாணவியருக்கு நம் அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அரசுப் பள்ளியில் படித்தாலும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தாலும் இது உண்டு. அடுத்த ஆண்டு எங்கள் வகுப்பினருக்கும் கிடைக்கும். வண்டி கிடைத்துவிடும், அதை ஓட்ட வழி கிடைக்குமா என்பதே என் கேள்வி. எங்களுக்கு முன் படித்த அக்காமார் பெற்ற வண்டிகளில் எத்தனை இன்று வீட்டுப் புறக்கடையில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன, எத்தனை பாதி விலைக்குக் கைமாறிவிட்டன என்பது நம் எல்லார்க்கும் தெரிந்த செய்திதானே? "ரோட்டுல எறங்காதே மக்களே" என்று அம்மா ஒரு சொல் சொன்னால் போதும், சைக்கிள் அன்றோடு நின்றுவிடும். தம்பிமாருக்கு அந்தச் சொல் சொல்லப்படுவதில்லை என்பது தனிக்கதை.

அம்மாமாரின் அச்சம் வீண் அச்சமன்று. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். நம் குமரி மாவட்டமோ இடநெருக்கடி மிகுந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறோம். வீட்டு வாசற்படியை உரசிக்கொண்டு பேருந்து போகிற ஊரில் சைக்கிளுக்கென்று தனிச்சாலை போட இடம் ஏது என்று கேட்பார்கள். இடம் இருக்கிறது. நம் கண்ணெதிரே இருக்கிறது. அதுதான் குளத்தங்கரையும் சானல்கரையும்.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. மலையடிவாரத்து நீரை வயல்களுக்குக் கொண்டுசெல்லத் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு எனப் பல கால்வாய்கள் இருக்கின்றன. அவை ஊர் ஊராய்ப் பிரிந்து குளங்களை நிறைக்கின்றன. கால்வாய் என்றால் கரை உண்டு. குளம் என்றாலும் கரை உண்டு. நீரைப் பார்க்கவும் மடையைத் திறக்கவும் ஆட்கள் நடப்பதற்காக மண்ணும் சரளையும் இட்டு இறுக்கிய கரைகள் அவை. இன்னொரு சிறப்பும் உண்டு. நீர் மெல்ல மெல்லச் சரிந்துதான் ஓடும். ஆகவே கால்வாயை ஒட்டிய பாதையில் மேடும் பள்ளமும் இராது. ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதிக்கும் வேலை இல்லை. சைக்கிளுக்கென்றே ஒரு பொறியாளர் வழி வகுத்திருந்தாலும் இதைவிட நன்றாக வகுத்திருப்பாரா?

மேற்கே சென்றால் கடலோரமாகவே ஒரு பழைய கால்வாய் கிடக்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க எண்ணித் திருவிதாங்கூர் அரசர் காலத்தில் 1860ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய் அது. எண்ணியபடி முடியவில்லை. இன்று பல இடங்களில் தூர்ந்தும் புதர் மண்டியும் கிடக்கிறது. படகு ஓடாத கால்வாயின் கரையில் சைக்கிளாவது ஓடட்டுமே!

கிழக்கே எனக்கு மிகவும் பிடித்தது தேரூர், சுசீந்திரம் குளங்களும், அங்கிருந்து மணக்குடிக் காயல் வரையுள்ள நாடும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியும், மீனுக்குத் தவம் கிடக்கும் கூழைக்கடாவும், நாரைக்கூட்டமும், இரு பக்கமும் வயலும், அப்பால் உப்பளமும் தென்னந்தோப்பும், முடிவில் கடலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வேறு எங்கே கிடைக்கும்? சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. உலகம் போற்றும் நீர்நிலை நம் ஊரில் இருக்கிறது. நாமோ அதைப் பேருந்தின் சன்னல் வழியாக அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறோம்.

"சரளை மண்ணில் சைக்கிள் ஓடுமா? முதலில் தார் போடச் சொல்லுங்கள்" என்பார்கள். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். மேல்நாடுகளில் இப்போது 'கிராவல் பைக்' என்று சரளைப் பாதைக்கென்றே வண்டி செய்து பெரும் விலைக்கு விற்கிறார்கள். அதன் டயர் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். நம் தாத்தாமார் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயரில் என்ன எழுதியிருக்கும்? 28க்கு 1½ என்று இருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். மேல்நாட்டார் இன்று புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் டயரில்தான் மீன் கூடையை வைத்துக் கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து மலையோர ஊர் வரை ஒரு தலைமுறையே மிதித்திருக்கிறது. செம்மண் சரளையை நனைத்து இறுக்கி, நடுவில் சற்று உயர்த்தி, மழைநீர் இருபுறமும் வடியும்படி செய்தால் அது நல்ல பாதையே. நமக்கு ஆண்டில் இரு பருவமழை என்பதால் இரண்டு முறை பழுது பார்க்கவேண்டும். அவ்வளவே.

தார் போட்டால் என்ன நடக்கும்? போட்ட இடங்களில் நடந்ததைப் பாருங்கள். முதலில் ஆட்டோ வரும். பின்னர் கார் வரும். பிறகு சந்திப்பில் நெரிசல் என்றால் எல்லா வண்டியும் சானல்கரையைக் குறுக்குவழியாக்கிக் கொள்ளும். பிறகு அங்கும் நம்மை "எறங்காதே" என்பார்கள். சரளையில் எவரும் விரைந்து செல்ல இயலாது. ஆகவே சரளைதான் அந்தப் பாதையின் காவற்காரன்.

இது நடவாத கனவு என்று எண்ணுவோர் நெதர்லாந்து நாட்டைப் பார்க்கவேண்டும். அங்கே 1971ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் மாண்டனர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். பள்ளிக்குச் செல்லும் வழியில் தம் சிறுமகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோப் என்னும் பத்திரிகையாளர் 1972இல் 'டே டெய்ட்' நாளேட்டில் மனம் குமுறி எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் பெற்றோர் திரண்டனர். மறு ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. அதன் பின்னரே சைக்கிளுக்குத் தனிவழி அமைப்பதில் அந்நாடு முனைந்தது. கடலை அணையிட்டுத் தடுத்து 1932இல் ஏரியாக்கிய நாடு அது. அவர்களும் நம்மைப் போலக் கரைகட்டி வாழ்பவர்களே. தங்கள் கரைகளின்மேல் அவர்கள் சைக்கிளை விட்டார்கள். நாம் காரை விடுகிறோம். பெற்றோர் எழுந்தபோதுதான் அங்கே காரியம் நடந்தது என்பதை இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் கவனிக்கும்படி வேண்டுகிறேன்.

சகோதரியருக்கும் ஒரு செய்தி. இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு மேலுள்ள குன்றில் கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1949ஆம் ஆண்டில் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயத்தின் உள்ளே சுவரெல்லாம் வீரர்களின் சைக்கிள்கள் காணிக்கையாய்த் தொங்குகின்றன. மாதா பாதுகாக்கும் பயணத்தை மடமும் ஆதரிக்கலாம் அல்லவா?

இனி எதிர்ப்புகளில் கனமான ஒன்றைச் சொல்கிறேன். லாரி இல்லாத பாதை, ஆள் இல்லாத பாதையும் ஆயிற்றே என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தர ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றனர். ஒருத்தி ஓட்டினால் ஊர் சிரிக்கும். ஊரே ஓட்டினால் யார் சிரிப்பது? சானல்கரையில் இப்போதே படித்துறை தோறும் துணி துவைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். காலையில் வயலுக்குப் போவோர் இருக்கிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் நாற்பது பேர் சேர்ந்து சென்றால் அது தனிவழி ஆகாது. ஆறு மணிக்குப் பின் நானும் வேண்டாம் என்றே சொல்வேன், விளக்கு வைக்கும் வரை.

பறவைகளின் காரியமும் உண்டு. தேரூர்க் கரையில் மணியடித்துக்கொண்டு கூட்டமாய்ப் போனால் பறவை இருக்குமா? வனத்துறை எந்தக் கரை வேண்டாம் என்கிறதோ அந்தக் கரையை விட்டுவிடவேண்டியதுதான். நமக்கு வேறு கரை இருக்கிறது, அவற்றுக்கு இல்லை.

என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு கரையின் இரு முனையிலும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கல்தூண் நடவேண்டும். சைக்கிள் நுழையும், தலைச்சுமை மீன் கொண்டு போகும் அம்மாவும் நுழைவார், காரும் ஆட்டோவும் நுழையா. உழவர்களின் டிராக்டருக்காக ஒரு தூணைக் கழற்றி மாட்டும்படி அமைத்து, சாவியைப் பாசனக் காரியம் பார்ப்பவரிடம் கொடுக்கலாம். மோட்டார் சைக்கிள் அண்ணன்மார் எப்படியும் நுழைவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குத் தூண் போதாது, பஞ்சாயத்தின் அபராதமும் வேண்டும். எல்லாக் கரையும் ஒரே நாளில் வேண்டாம். சுசீந்திரத்திலிருந்து மணக்குடிப் பக்கம் செல்லும் ஒரு கரையில் தொடங்கிப் பார்க்கட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகம் கையெழுத்து வாங்கி ஆட்சியருக்கு மனு அனுப்புமானால், அடுத்த ஆண்டு வண்டிகள் வந்து சேருமுன் அந்தத் தூண்கள் நடப்பட்டிருக்கும்.