கோடு கிழித்த கை

"அமெரிக்கன் காரை விரும்பினான், ஆகவே அவன் நகரமும் காருக்கேற்ற நகரமாயிற்று!" படித்தவர்கள் வாயிலிருந்தே வரும் வாதம் இது, தோழர்களே! தலைவிதி என்று சொல்லக் கூசுவோர், அதே பழஞ்சரக்குக்கு ஒட்டியிருக்கும் புதுச்சீட்டு, 'விருப்பம்'.

விரும்பித் தேர்ந்திட வேறு வழி இருந்ததா? 1956-இல் ஐசனோவர் ஒப்பமிட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்கு வகை செய்தது; செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாஷிங்டன் அரசின் பொறுப்பு. நகரப் பேருந்துக்கும் ரயிலுக்குமான உதவிச் சட்டம் 1964-இல்தான் வந்தது. அதற்குள் பெரும்பாலான நகரங்களில் டிராம் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன! கடை திறப்பவன் கார் நிறுத்த இத்தனை இடம் ஒதுக்கியே தீரவேண்டும் என்று நகராட்சிகள் விதி எழுதின. பஃபலோ நகரம் அதை நீக்கியது 2017-இல். குறித்த இடம் தவிர வேறிடத்தில் சாலையைக் கடப்பதைப் பல நகரங்கள் குற்றமாக்கின. ஆபத்து விளையாதபோது அதற்காகத் தடுத்து நிறுத்தக்கூடாது என்று கலிபோர்னியா சொன்னது 2023-இல். நடப்பவனைக் குற்றவாளியாக்கிவிட்டு, நடக்க அவனுக்கு விருப்பமில்லை என்கிறார்கள்!

சரி, சாலை வேண்டும். யார் மார்பின்மீது?

நியூ ஆர்லியன்சைப் பாருங்கள். டிரெமே பகுதியிலே கிளைபோர்ன் பெருந்தெரு. நடுவே ஓக் மரங்களின் நீண்ட வரிசை. இருமருங்கிலும் கறுப்பின மக்கள் நடத்திய கடைகள், காப்பீட்டு நிலையங்கள். மார்டி கிரா விழா நாளில் குடும்பம் குடும்பமாக அந்த நிழலில் கூடுவர். நகரின் பிற தெருக்கள் ஒதுக்கியபோது, தமக்கென அவர்கள் வளர்த்துக்கொண்ட தெரு. 1966-இல் மரங்கள் வீழ்ந்தன. தலைக்குமேல் எழுந்தது தூண்கள் தாங்கும் நெடுஞ்சாலை.

அதே நகரில், அதே ஆண்டுகளில், பிரெஞ்சு குவார்ட்டரின் ஆற்றோரமாகவும் ஒரு விரைவுச்சாலை திட்டமிடப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, 1969-இல் போக்குவரத்துத் துறைச் செயலர் ஜான் வோல்பி திட்டத்தைக் கைவிட்டார். வரலாற்றுச் சிறப்பு கெட்டுவிடுமாம். நியாயந்தான், நானும் கைதட்டுகிறேன். ஆனால், ஓரிடத்தில் வரலாற்றுக்கு வணங்கி நின்ற சாலை, மற்றோரிடத்தில் வாழும் மக்களை மிதித்துப் பாய்ந்ததே, இதற்குப் பெயர் பொறியியல் கணக்கா? டெட்ராய்ட்டின் பிளாக் பாட்டம், செயின்ட் பால் நகரின் ரோண்டோ: அங்கெல்லாம் சாலைக்கு வழிவிட்டதும் கறுப்பர் குடியிருப்புகளே! ஒவ்வொரு நகரிலும் தானாகவே அப்படி அமைந்ததென்று நம்புவதற்குப் பகுத்தறிவு இடந்தருமா?

கிளைபோர்ன் நெடுஞ்சாலையைத் தாங்கும் காங்கிரீட் தூண்களில் பின்னாளில் ஓவியர்கள் வண்ணம் தீட்டினார்கள். சில தூண்களில் அவர்கள் வரைந்தது, ஓக் மரம்.